ஐந்தாவது கல்லும் ஒரு பிள்ளையாரும்

வங்கிகளுக்கு வீட்டு மதிப்பீடு செய்யும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒரு நல்ல செய்தி. இந்தத் தொழிலுக்குப் பெரிய அறிவு தேவையில்லை. கடன் கேட்கிறவர் வாங்கப்போகும் இடத்துக்குப் போக வேண்டும், அதைப் பார்க்க வேண்டும், பார்த்ததை எழுத வேண்டும். இந்த மூன்றையும் வாழ்நாள் முழுக்கச் செய்தேன் என்று என் ஓய்வு விழாவில் பேசினார்கள். முதலாவதையும் மூன்றாவதையும் தவறாமல் செய்தேன், அதற்கு நானே சாட்சி. நடுவில் இருப்பதைப் பற்றித்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. எந்த மனைக்குப் போனேன், வெயிலா மழையா, டீ எந்தக் கடையில், அதில் சர்க்கரை அதிகமா என்பது வரை எழுதுவேன். பழைய நில அளவைப் பதிவேடுகள் கிடைத்தால் கதைப்புத்தகம் போலப் படிப்பேன். வெள்ளைக்காரன் காலத்தில் சங்கிலியை இழுத்துக்கொண்டு முள்காட்டில் நடந்து கல் நட்டவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை. இதையெல்லாம் என் மனைவி வியாதிப் பட்டியலில் சேர்த்திருக்கிறாள். இவ்வளவு படித்த ஒருவன், நட்டு வைத்த கற்களை விரலை நீட்டி எண்ணத் தெரியாமல் ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்தப் பார்த்தான் என்பதை அவள் இன்னும் பல இடங்களில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தொழிலில் எனக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், அவர் பிள்ளைகள் நல்ல நிலையில் இருக்கிறார்கள். நான் சேர்ந்த முதல் வாரமே, அறிக்கையின் கடைசியில் கையெழுத்துக்கு மேலே ஒரு வரி எழுதச் சொன்னார்: "இடம் கட்சிக்காரரால் அடையாளம் காட்டப்பட்டது." கட்சிக்காரர் என்றால் கடன் கேட்கிறவர். எதற்கு இந்த வரி என்று கேட்டேன். "இது ஹெல்மெட் மாதிரிப்பா, வண்டி ஓட்டத் தெரியாதவனையும் காப்பாத்தும்" என்றார். அன்றிலிருந்து ஒரு அறிக்கையிலும் அந்த வரியை விட்டதில்லை. வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளவும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஊரப்பாக்கத்துக்கு மேற்கே அப்போது புதிதாக ஒரு லே-அவுட் போட்டிருந்தார்கள். ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து திரும்பினால் பெரிய வளைவு ஒன்று நிற்கும். இரண்டு பக்கமும் சிமெண்ட் யானைகள், மேலே மனை விற்றவரின் மகள் பெயரில் நகர். உள்ளே ஒரு வீடு கிடையாது. செம்மண் தெருவின் ஒரு பக்கம் வரிசையாகப் பதினெட்டு மனை, எல்லாம் ஒரே அளவு. கற்களில் சிவப்பு மையில் எழுதிய எண்கள் ஒரே மழையில் கரைந்து போயிருந்தன. தெருவுக்கு எதிர்ப்புறம் முழுக்க வேலிகாத்தான் புதர்.

மனை எண் ஐந்து. வாங்குபவர் ஸ்டெல்லா, செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். சொந்த ஊர் அச்சரப்பாக்கம் பக்கம். கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் இருபது நாள் வடக்கேதான் இருப்பார். நாள் பங்குனியில் ஒரு புதன்கிழமை. காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். பத்தரைக்கும் அவர் வரவில்லை. எனக்குப் பதினொன்றரைக்குக் கூடுவாஞ்சேரியில் இன்னொரு வீடு பார்க்க வேண்டும். வெயில் மண்டையைப் பிளந்தது. நான் வளைவிலிருந்து நடந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்தாவது மனையின் கல் மேல் என் ஹெல்மெட்டை வைத்தேன், படம் எடுத்தேன். நான்கு எல்லைகளையும் பத்திர நகலைப் பார்த்து எழுதினேன். கிழக்கே ஆறாம் மனை, மேற்கே நான்காம் மனை என்று அதில் போட்டிருந்தது. நிஜத்திலும் அப்படித்தானா என்று பார்க்கவில்லை. பார்த்தாலும் கல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு கல்தான். ஆனால் சூரியனையாவது பார்த்திருக்கலாம். அது இலவசம்.

கைபேசியில் இடக்குறியோடு படம் எடுத்தால் போதுமே என்று உங்களில் யாராவது நினைக்கலாம். நானும் அப்படித்தான் எடுத்தேன். அந்த இடம் பூமியில் எங்கே இருக்கிறது என்று கைபேசி மிகத் துல்லியமாகச் சொல்லும். அது யாருடைய இடம் என்று அதற்குத் தெரியாது.

ஸ்டெல்லா ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். டியூட்டி மாற்றிவிட ஆள் வரவில்லையாம், யூனிபாரத்தோடு அப்படியே ஓடி வந்திருந்தார். "எது சார் என்னுது?" என்று கேட்டார். நான் ஹெல்மெட்டைக் காட்டினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நான்கு கற்களுக்கும் நடுவில் போய் நின்றார். "கரெக்டா சார்?" என்றார். "கரெக்ட்மா" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அறிக்கையின் கடைசி வரி என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

அடுத்து ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. அதே இடத்தில் வீடு எழும்பி, அன்று மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடுகிறார்கள். தளம் முடிந்ததும் வங்கி அடுத்த தவணை தரும், அதற்கு நான் போய்ப் பார்க்க வேண்டும். கலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்கள் வரிசையாக நின்று சட்டி மாற்றினார்கள். தளம் போடும் நாளில் எல்லாருக்கும் பிரியாணி போடுவது வழக்கம். ஸ்டெல்லா லீவு போட்டுவிட்டு அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. அறுபதை நெருங்கும் ஒருவர் இறங்கினார், பின்னால் அவர் மனைவி. கையில் தேங்காய், பழம், வெற்றிலை, நான்கு செங்கல், புது மண்வெட்டி. அவர் பெயர் வரதராஜன். அணுபுரம் குவார்ட்டர்ஸில் இருப்பவர். அணுமின் நிலையத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை, சில மாதத்தில் ஓய்வு, அதன்பின் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். முன்பே வாங்கிப் போட்டிருந்த மனையில் அன்று பூமி பூஜை போட வந்திருந்தார். தன் மனையில் ஒரு வீடு நிற்பதை அவர் பார்த்தார்.

பிறகு லேமினேட் செய்த லே-அவுட் வரைபடத்தை வெளியே எடுத்தார். என்னைப் போலவே ஒரு ஆள் என்று அப்போதே தோன்றியது. "பதினாலு என்னுது. இது பதினாலு" என்றார். மேஸ்திரி இது அஞ்சு என்றார். நான் வரைபடத்தை வாங்கிப் பார்த்தேன், பிறகு சூரியனைப் பார்த்தேன். பங்குனியில் செய்ய வேண்டியதை ஆவணியில் செய்தேன்.

நடந்தது இதுதான். அனுமதி வாங்கும்போது அந்த நகருக்கு வழி மேற்கே ஏரிக்கரையிலிருந்து. எண்களும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. பிறகு மனை விற்றவர் கிழக்கே ஒரு துண்டு நிலம் வாங்கி, ஜி.எஸ்.டி. பக்கம் வழி திறந்து, வளைவையும் யானைகளையும் அங்கே வைத்துவிட்டார். வளைவு இருக்கும் பக்கம்தானே ஆரம்பம் என்று அதன்பின் வந்தவர்கள் எல்லாரும் அங்கிருந்து எண்ணினோம். பதினெட்டு மனையில் கிழக்கிலிருந்து ஐந்தாவது, மேற்கிலிருந்து பதினாலாவது.

வரதராஜன் வேலையை நிறுத்தச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஆட்களும் சட்டியோடு அப்படியே நின்றுவிட்டார்கள். அவர் ஏணியில் பாதி ஏறித் தளத்தைப் பார்த்தார். பாதி போட்டிருந்தது.

"பாதில நிறுத்தாத மேஸ்திரி, இணைப்பு நிக்காது, தண்ணி ஒழுவும்" என்றார். "முழுசா போடு. முடிச்சிட்டு இடிச்சிக்கலாம்."

இப்படி ஒரு மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இடிக்கப்போகும் வீட்டுக்கு இரண்டு மணி நேரம் நின்று மேற்பார்வை பார்த்தார். மூலையில் கான்கிரீட்டை இறுக்கும் வைப்ரேட்டர் போடவில்லை என்று மேஸ்திரியைத் திட்டினார். பிரியாணி வேண்டாம் என்று மறுத்துவிட்டார். அவர் மனைவி, பசிக்கிறது என்று சொல்லி உட்கார்ந்து சாப்பிட்டார், எலுமிச்சை ஊறுகாயும் கேட்டு வாங்கினார்.

எல்லாம் முடிந்த பிறகு வரதராஜன் என் பக்கம் திரும்பி, "இந்த எடத்த யாரு சார் காட்டனது?" என்று கேட்டார்.

நெருக்கடியில் ஒரு மனிதனின் மூளை எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று வியந்து எழுதுவார்கள். என் மூளை வேலையே செய்யவில்லை. அந்த வரி தானாக வாயில் வந்தது. "கட்சிக்காரர் காட்டிய இடம் சார்" என்றேன். ஸ்டெல்லா கையில் கரண்டியோடு என்னைப் பார்த்தார். அதைவிட அந்தக் கரண்டியால் அடித்திருக்கலாம்.

ஒன்பது நாள். இது நாட்குறிப்பில் இருக்கிறது. அந்த ஒன்பது நாளில் வரதராஜன் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். யாரோ அரசியல் கட்சிக்காரன் பின்னால் இருந்துகொண்டு ஒரு பெண்பிள்ளையை முன்னால் விட்டு மனையை வளைக்கிறான் என்பது அவர் முடிவு. வங்கி அடுத்த தவணையை நிறுத்தியது. நான் என்ன செய்தேன் என்பதும் நாட்குறிப்பில் இருக்கிறது. திங்கள்: நல்ல மழை. செவ்வாய்: மறைமலை நகர், இரண்டு மாடி வீடு. புதன்: காபி, வெயில். ஸ்டெல்லா பற்றி ஒரு எழுத்து இல்லை.

ஒன்பதாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. ஸ்டெல்லா என் வீட்டுக்கே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. போலீஸில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். நல்ல மாதிரிதான் பேசினார்களாம். வீட்டை அவரே இடித்துக்கொண்டால் வழக்கு இல்லையாம்.

"நான் காட்டனேன்னு எழுதிகீறீங்க சார்" என்றார். "நான் ஆட்டோல இருந்து எறங்குறப்பவே உங்க தொப்பி கல்லு மேல கீது. எது என்னுதுன்னு கேட்டேன். நீங்கதான் காட்டனீங்க. ஆமாவா இல்லியா?"

எனக்குச் சரியாக நினைவில்லை என்றேன். டீ கொண்டு வந்த என் மனைவி, "டைரில பாருங்களேன், அதுக்குத்தானே எழுதறீங்க" என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்துப் போனாள்.

பார்த்தேன். பங்குனி, புதன். என் கையெழுத்து, அதில் சந்தேகமே கிடையாது. "கட்சி தாமதம். ஐந்தாவது கல்லை நானே எண்ணிக் கண்டேன். பின்னர் வந்தவருக்குக் காட்டினேன். டீ குடிக்க நேரமில்லை."

அந்தப் பக்கத்தை அவரிடம் கொடுத்தேன். அவர் படித்தார். அப்போதுதான் உட்கார்ந்தார்.

"எங்கப்பா வூடு கட்னது அடுத்தவன் எடத்துல சார். தெரிஞ்சேதான் கட்னாரு, அவருக்கு வேற எடம் ஏது? அந்த ஆளு வரப்புல நின்னு கூப்புட்டா எங்கப்பா துண்ட இடுப்புல கட்டிகினு ஓடுவாரு. நான் படிச்சி, வேலைக்கு வந்து, லோன் போட்டு, பத்திரத்துல என் பேர எழுதி, நூறு கையெழுத்து போட்டு, கடைசில நானும் அடுத்தவன் எடத்துலயே கட்டிகீறேன் பாருங்க." இதைச் சொல்லும்போது சிரித்தார். என்னால்தான் சிரிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை கடிதம் எழுதினேன். இடத்தை எண்ணியது நான், தவறு என்னுடையது, கட்சிக்காரர் வந்தது அதற்குப் பிறகு. நாட்குறிப்பின் நகலையும் இணைத்தேன். வங்கி மேலாளர் படித்துவிட்டு, இதைத் திரும்ப எடுத்துக்கொள்ள விருப்பமா என்று மூன்று முறை கேட்டார். அந்த வரி இருக்கும்போது எதற்கு சார் இதெல்லாம் என்றார். அவருக்கும் யாரோ ஒரு மூத்தவர் இருந்திருக்க வேண்டும். கடிதத்தின் பலனாக அந்த வங்கி ஒரு வருடம் என்னை வேலைக்குக் கூப்பிடவில்லை. நேர்மையின் பலன் உடனே கிடைக்கும் என்று சொல்வது உண்மைதான்.

அன்று மாலையே ஸ்டெல்லாவோடு அணுபுரம் போனேன். வரதராஜன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தை இரண்டு முறை படித்தார். நாட்குறிப்பு நகலை மூன்று முறை படித்தார்.

"டீ குடிக்க நேரமில்லன்னு கூட எழுதிகீறீங்க" என்றார்.

ஆமாம் என்றேன்.

"நான் திருட்டுன்னு நெனச்சேன். வெறும் முட்டாத்தனம்தானா?"

அதற்கும் ஆமாம் என்றேன்.

"அப்ப பேசலாம்" என்று சொல்லி மனைவியை டீ போடச் சொன்னார்.

அவர் பதினாலைக் கொடுத்துவிட்டு ஐந்தை எடுத்துக்கொள்வது, ஒரு பரிவர்த்தனைப் பத்திரத்தில் முடிகிற காரியம். அளவு ஒன்று, தெரு ஒன்று. வங்கியும் சம்மதிக்கும், அதற்கு வேறு வழியில்லை. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது அவர் லேமினேட் வரைபடத்தை எடுத்து, ஐந்தாம் மனைக்கு நேர் எதிரே விரலை வைத்தார். அங்கே ஒரு குறுக்குத் தெரு வந்து முட்டியது. வேலிகாத்தான் புதருக்குள் இருந்ததால் நாங்கள் யாரும் கண்டிராத தெரு. நான் வரைபடத்தை ஒழுங்காகப் பார்த்திருந்தால் அதுவும் பங்குனியிலேயே தெரிந்திருக்கும்.

"தெருக்குத்து" என்றார். குரல் இறங்கிவிட்டது. நேரே வந்து முட்டும் தெருவுக்கு எதிரில் வீடு கட்டினால் குடும்பத்துக்கு ஆகாது, அவர் மாமா அப்படித்தான் கட்டினார், மூன்றே மாதத்தில் மாடு செத்தது. முப்பது வருடம் அணுஉலைக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர், இன்னும் போடாத ஒரு தெருவுக்குப் பயந்தார். நான் வாயைத் திறந்தேன். ஸ்டெல்லா என் காலை மிதித்தார்.

"அதுக்கு இன்னாண்ணே பண்ணுவாங்க உங்க ஆளுங்க?" என்று அவரிடம் கேட்டார்.

மதில் சுவரில் தெருவைப் பார்த்தபடி ஒரு பிள்ளையாரை வைப்பார்கள், கல்லில் செய்தது, தெருவின் நடு மையத்துக்கு நேராக இருக்க வேண்டும் என்றார் வரதராஜன்.

"அவ்ளோதானே? நான் வாங்கியாறேன்" என்றார் ஸ்டெல்லா. "எவ்ளோ ஒசரம்?"

அடுத்த சனிக்கிழமை, கழுத்தில் ஜெபமாலையோடு ஒரு நர்ஸ் மாமல்லபுரத்தில் பிள்ளையார் வாங்கிய கதைக்கு நான் நேரடி சாட்சி. சிற்பக்கூடங்கள் வரிசையாக இருக்கும் சாலையில் நாலு பட்டறை ஏறி இறங்கினோம். சிற்பி யாருக்கு என்று கேட்டதற்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு என்றார் ஸ்டெல்லா. அவர்கள் இன்னும் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆகவில்லை, ஒன்பது மனை தள்ளித்தான் இருக்கப்போகிறார்கள், ஆனால் நான் திருத்தவில்லை. எண்ணிக்கை சம்பந்தமாகக் கருத்துச் சொல்வதை அப்போது நிறுத்தியிருந்தேன். வரதராஜன் சொன்ன உயரம் பதினெட்டு அங்குலம். சரியாக அதே உயரம் என்று சிற்பி ஒரு பிள்ளையாரை எடுத்து வைத்தார். ஸ்டெல்லா கைப்பையிலிருந்து புது அளவு நாடா ஒன்றை எடுத்து, பீடத்திலிருந்து கிரீடம் வரை அளந்தார்.

"பதினேழர கீது" என்றார்.

சிற்பி, அரை அங்குலத்தில் சாமிக்கு ஒன்றும் ஆகாது என்றார். ஸ்டெல்லா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆகும் என்று சொல்லி அடுத்த பட்டறைக்கு நடந்தார்.

ஐப்பசி மழைக்கு முன் பத்திரம் முடிந்தது. கார்த்திகையில் வரதராஜன் மதிலைக் கட்டிப் பிள்ளையாரை வைத்தார். தெருவின் மையத்தைக் குறிக்கும்போது நான் உதவிக்குப் போனேன். "நீங்க அந்த நெழல்ல உட்காருங்க சார்" என்றார் அவர். நாடாவின் ஒரு முனையை அவரும் இன்னொரு முனையை ஸ்டெல்லாவும் பிடித்துக்கொண்டு, கிழக்கிலிருந்து ஒரு முறை, மேற்கிலிருந்து ஒரு முறை அளந்தார்கள்.

தை மாதத்தில் ஸ்டெல்லாவின் வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்கச் சர்ச்சிலிருந்து சாமியார் வந்தார். எனக்கும் அழைப்பு இருந்தது. வரதராஜன் தம்பதி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மட்டும் அடிக்கடி தலையை உயர்த்தித் தளத்தின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், தண்ணீர் ஒழுகுகிறதா என்று. வீட்டுச் சுவரில் 14 என்று பஸ்ஸில் எழுதுவது போலப் பெரிதாக எழுதியிருந்தது. முன்பக்கம் மட்டும் இல்லை, நான்கு பக்கமும். மொட்டை மாடியிலும் எழுதியிருப்பதாக ஸ்டெல்லாவின் கணவர் சொன்னார். எதற்கு என்று கேட்டதற்கு, மேலே பறக்கிறவனுக்கும் தெரியட்டும் என்றாராம் ஸ்டெல்லா.

நான் உள்ளே நுழையப் போனபோது ஸ்டெல்லா வாசலில் நிறுத்தினார். லாரிக்காரக் கணவர், மேஸ்திரி, மாமியார் எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"சார், இது எத்தினியாவது வூடு?"

வெயிலில் தெருவுக்குத் திரும்பி வந்தேன். வளைவு வரை நடந்து போய் அங்கிருந்து எண்ணிக்கொண்டு வந்தேன். பிறகு மறுமுனைக்கு, ஏரிக்கரை வரை போய், அங்கிருந்தும் எண்ணினேன். வழியில் பிள்ளையாரைக் கடக்கும்போது அவர் என்னை நம்பியதாகத் தெரியவில்லை. வியர்வையோடு வாசலுக்கு வந்தேன்.

"கிழக்கிலிருந்து ஐந்து, மேற்கிலிருந்து பதினாலு" என்றேன்.

"உள்ள வாங்க" என்றார் ஸ்டெல்லா.